பெயரும் ஏச்சும்: ஈழத்துத் தமிழ் வழக்கிற் சமூகப் பெயர்கள் இழிசொல்லாதல் பற்றிச் சில குறிப்புகள்

1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபு பற்றிய விவாதத்தின்போது, முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்களைக் கண்டிப்பதற்கு மரபுவாதிகள் கையாண்ட தொடர்களுள் ஒன்று 'இழிசனர் வழக்கு' என்பதாகும். பேச்சுமொழி இலக்கியத்தில் இடம்பெறலாமா என்ற வினாவுக்கு எமது நாவலும் சிறுகதையும் விடையளித்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அதனை மீட்டுரைப்பது இங்கு எமது நோக்கமன்று. எனினும் அவ்விவாதத்திற் போதிய கவனத்தைப் பெறாத ஒரு விடயம் உண்டு. வாதம் பெரும்பாலும் 'வழக்கு' என்ற சொல்லைச் சுற்றியே நடைபெற்றது. வழக்கு எது, வழு எது, இலக்கணம் எதனை அனுமதிக்கும் என்றெல்லாம் ஆராயப்பட்டது. தொடரின் முற்பகுதி அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. ஒரு மக்கட் கூட்டத்தினரைக் குறித்த பெயர், பிழைபட்ட மொழிக்கும் தாழ்ந்த இரசனைக்கும் எவ்வாறு அடைமொழியாயிற்று? சாதியை வெளிப்படையாகப் பேச விரும்பாத கல்விமான்கள் கூட அத்தொடரை எழுத்திற் கூச்சமின்றிக் கையாள முடிந்தது எங்ஙனம்?

புறநானூற்றில் 'இழிசினன்' என்ற சொல் கட்டில் பின்னும் தொழிலாளியைக் குறித்தும், போர்க்களத்தில் எறிகோல் கொண்டு பறையறைபவனைக் குறித்தும் வருகின்றது. பெயரிலேயே இழிவு பொதிந்துள்ளது. ஆயினும் அவ்விடங்களில் யாரும் யாரையும் ஏசவில்லை. புலவன் அவனைச் சினந்து விளிக்கவில்லை. அவனது தொழிற்பெயரைச் சொல்வது போன்றே இயல்பாக விளிக்கின்றான். இழிவு சினத்துக்கு முந்தியது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை. ஒருவனைத் தாழ்ந்தவனாகக் கருதும் உறவு நிலைபேறடைந்துவிட்ட சமுதாயத்தில், அதனைச் சொல்வதற்குக் குரலை உயர்த்த வேண்டிய அவசியமில்லை. வழக்கு உயர்ந்தோரைச் சார்ந்தது எனத் தொல்காப்பிய மரபியல் விதிக்கும்போது, உயராதோரது மொழி என்ன பெயர் பெறும் என்பதும் அவ்விதியிலேயே அடங்கிவிடுகின்றது.

இவ்விடத்தில் மொழி பற்றிய மார்க்சியச் சிந்தனையில் உள்ள ஒரு முரண்பாட்டைக் குறிப்பிடல் தகும். 1950இல் ஸ்டாலின், மொழி மேற்கட்டுமானத்தின் பகுதியன்று, அது ஒரு சமுதாயத்தின் எல்லா வர்க்கத்தினருக்கும் ஒருபடித்தாகவே பயன்படுகின்றது என்று வாதிட்டார். மார் என்பாரது வரட்டுக் கோட்பாட்டுக்கு எதிராக எழுந்த அவ்வாதம், இலக்கணத்தையும் அடிப்படைச் சொற்றொகுதியையும் பொறுத்தவரை பெரிதும் சரியே. ஆண்டானும் அடிமையும் ஒரே வேற்றுமை உருபுகளையே கையாள்கின்றனர். ஆனால் அதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்னர், 1929இல், வொலோஷினோவ் எடுத்துக்கூறிய கருத்து வேறொரு தளத்தைச் சார்ந்தது. ஒரே குறியை வெவ்வேறு வர்க்கத்தினர் வெவ்வேறு அழுத்தத்துடன் கையாள்வதால் சொல்லே வர்க்கப் போராட்டத்தின் களமாகின்றது என்றார் அவர். சமூகப் பெயர்களைப் பொறுத்தவரை இவ்விரண்டாவது கருத்தே எமக்குக் கைகொடுப்பது. 'யாழ்ப்பாணத்தான்' என்பதும் 'தோட்டக்காட்டான்' என்பதும் இலக்கண அடிப்படையில் ஒரே வகையின. இரண்டும் இடப்பெயரோடு ஆண்பால் விகுதி சேர்ந்தவை. இலக்கணம் இவற்றிடையே வேறுபாடு காணாது. ஆனால் கண்டியிலோ கொழும்பிலோ பாடசாலை விடுதியொன்றிற் சில நாட்கள் தங்கியிருந்த எந்த மாணவனும் அவ்வேறுபாட்டை அறிவான்.

பெயர் ஏச்சாகும் வழியை நோக்குமிடத்து, மூன்று நிலைகளைப் பிரித்தறியலாம் எனத் தோன்றுகின்றது. ஒருவனைச் சுட்டும்போது அது பெயர். முன்னிலையில், 'அடா' என்பதோடு சேர்த்து அழைக்கும்போது அது அதிகாரம். இவ்விரு நிலைகளும் பலராலும் பேசப்பட்டவை. மூன்றாவது நிலையே எமது கவனத்துக்குரியது. அச்சமூகத்தைச் சேராத ஒருவரை, அல்லது ஒரு பொருளை, ஒரு பழக்கத்தை, ஓர் உடுப்பைக் குறிப்பதற்கு அப்பெயர் அடையாக வரும் நிலை அது. 'பறைப் புத்தி' என்றும் 'சக்கிலித்தனம்' என்றும் 'தோட்டக்காட்டுப் பழக்கம்' என்றும் சொல்லும்போது, பேசுபவர் அந்தச் சமூகத்தவரை நினைத்துப் பேசுவதாக எண்ணுவதில்லை. கேட்டால், 'நாங்கள் ஆரையும் குறிச்சுச் சொல்லேல்லை, சும்மா ஒரு பகிடிக்கு' என்பார். அவர் பொய் சொல்லவில்லை என்பதே இங்கு முக்கியமானது. ஒரு மக்கட் பிரிவினர், கெட்டவற்றையெல்லாம் அளக்கும் அளவுகோலாக மாறிவிட்ட பின்னர், அளப்பவன் அளவுகோலை நினைப்பதில்லை. கொச்சை வழக்கின் 'குற்றமற்ற' தன்மை என்பது இதுவே. நேரே முகத்துக்குச் சொல்லப்படும் ஏச்சுக்கு மறுமொழி சொல்லலாம்; கைகலக்கலாம்; வழக்குத் தொடரலாம். இரண்டு வேளாளர் தமக்குள் ஏசிக்கொள்ளும்போது பறையரது பெயர் வந்து போகுமாயின், அவ்விடத்தில் இல்லாத அம்மனிதன் யாருக்கு மறுமொழி சொல்வது?

'சண்டாளன்' என்ற சொல் இதன் முற்றிய நிலை. தரும சாத்திரங்களில் ஒரு பிரிவினரைக் குறித்த அப்பெயர், தமிழில் தாய் பிள்ளையைக் கடியும் சொல்லாகவும் நாடக வில்லனைச் சபிக்கும் சொல்லாகவும் கரைந்துபோயிற்று. வங்காளத்தில் அப்பெயரால் அழைக்கப்பட்டோர் போராடி, 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 'நாமசூத்திரர்' எனப் பதிவுபெற்றனர். தமிழ்நாட்டில் அட்டவணைச் சாதிப் பட்டியலில் அப்பெயர் இன்றும் உள்ளது. அதனை மேடையிலும் பாட்டிலும் ஏச்சாகக் கையாளக் கூடாது என 2024இல் அங்குள்ள ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் எடுத்துரைத்தபோது பலர் வியப்படைந்தனர். அப்பெயர்க்கு உரியோர் உயிரோடு இருக்கின்றனர் என்பதே அவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

இதற்கு நேர்மாறான திசையிலும் சொற்கள் பயணம் செய்துள்ளன. அதற்கு யாழ்ப்பாணத் தமிழே சிறந்த எடுத்துக்காட்டு. 'எளிய' என்பது பொதுத்தமிழில் நற்சொல். எளிய நடை, எளிய வாழ்வு, அடியார்க்கு எளியன் என்பன போற்றுதலைக் குறிப்பன. யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலோ 'எளியன்', 'எளிய சாதி', 'எளியதுகள்', 'எளிய வேலை' என்பன கடும் ஏச்சுகள். இங்கு சாதிப் பெயர் எதுவும் உச்சரிக்கப்படவில்லை. வறுமையையும் பணிவையும் குறித்த ஒரு பண்புப் பெயர், நிலமற்றோர் அனைவரும் குறித்த சில சாதியினராகவே இருந்த ஒரு சமுதாயத்தில், அச்சாதியினரின் பெயராகவே மாறியது. பின்னர் அங்கிருந்து எல்லா இழிவுக்கும் பெயராகப் பரந்தது. நிலவுடைமை உறவு ஒரு சொல்லின் பொருளை எவ்வாறு மாற்றியமைக்கும் என்பதை மாணவருக்கு விளக்க விரும்பும் ஆசிரியர் வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. 'குடிமகன்' என்ற சொல்லும் இத்தகையதே. யாழ்ப்பாணக் கிராமத்தில் அது தொண்டூழியத்துக்குக் கட்டுப்பட்ட அம்பட்டர், வண்ணார் முதலியோரைக் குறித்தது. 1931இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது; அதனை டொனமூர் ஆணைக்குழுவின் முன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் எதிர்த்தமை யாவரும் அறிந்ததே. அரசியல் ஏட்டிற் சம உரிமையுள்ளவனைக் குறித்த சொல்லும், ஊரில் வீட்டின் பின்புறமாக வந்து நிற்க வேண்டியவனைக் குறித்த சொல்லும் ஒன்றாகவே இருந்தன என்பது எமது அரசியல் வரலாற்றின் சிறு நகைச்சுவைகளுள் ஒன்று.

1966 ஒக்டோபர் 21ஆந் திகதிய ஊர்வலமும், அதன்பின் தேநீர்க் கடைகளிலும் ஆலய வாசல்களிலும் நிகழ்ந்த போராட்டங்களும் இவ்வழக்கைப் பாதிக்காமற் போகவில்லை. முகத்துக்கு நேரே பெயர் சொல்லி அழைப்பது ஆபத்தான காரியமாயிற்று. ஆனால் சொல் மறைந்துவிடவில்லை. அது வீட்டினுள்ளே போயிற்று. 'எங்கடை ஆக்களோ?' என்ற வினாவும், 'அவையள் கொஞ்சம் குறைவு' என்ற விடையும் தோன்றிய சூழல் இதுவே. கல்யாணப் பேச்சிலே வழங்கும் இந்த நாகரிகமான மொழியில் ஒரு வசைச்சொல்லும் இல்லை. நாம் மேலே கூறியவற்றோடு இணைத்து நோக்கின், ஏச்சுச் சொற்களைப் பட்டியலிட்டு அகற்றிவிடுவதனால் மட்டும் எதுவும் தீர்ந்துவிடாது என்பது விளங்கும்.

'பற' என்ற அடைமொழியின் கதை தனித்து நோக்கத்தக்கது. பறை என்ற கருவியின் பெயர், அதனை முழக்கியோரது பெயராகி, போர்த்துக்கேயர் வாயிலாக ஐரோப்பிய மொழிகளுட் புகுந்து, விலக்கப்பட்டவன் என்ற பொதுப்பொருளைப் பெற்றது. மக்ஸ் வேபர் பண்டைய யூதரைப் பற்றி எழுதும்போது இப்பெயரைச் சமூகவியற் கலைச்சொல்லாகவே ஆக்கிக்கொண்டார். இன்றும் ஆங்கிலப் பத்திரிகைகள் உலகநாடுகளால் ஒதுக்கப்பட்ட அரசுகளை இச்சொல்லால் வருணிக்கின்றன. உலகின் மிகப் பரந்த வழக்குப் பெற்ற தமிழ்ச் சொற்களுள் ஒன்று இது என்பதில் தமிழ்ப் பெருமை பேசுவோர் மகிழ்வார்களோ அறியோம்.

ஆனால் இலங்கையில் இச்சொல்லுக்கு இன்னொரு திருப்பம் நேர்ந்தது. 'பற தெமளா' என்ற ஏச்சு 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களோடு தமிழர் நினைவில் ஒட்டிக்கொண்ட தொடர். சிங்களத்திலுள்ள இவ்வடை பறையர் என்ற பெயரின் வழிவந்ததெனவும், அந்நியனைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்ததெனவும் இருவகையாக விளக்கப்படுகின்றது. வேர்ச்சொல் எதுவாயினும், அதனைக் கேட்ட யாழ்ப்பாணத்து உயர்சாதியினனின் காதில் விழுந்த பொருள் ஒன்றுதான். தன் வீட்டு முற்றத்தில் தான் பிறருக்கு வழங்கிய பெயரே புகையிரதத்திலும் தெருவிலும் தனக்கு வழங்கப்பட்டதாக அவன் கேட்டான். எமது தேசிய இலக்கியத்தில் அவ்வேச்சின் வேதனை பலமுறை பதிவாகியுள்ளது. பாதிக்கப்பட்டவன் 'நான் தமிழன்' எனத் தலைநிமிர்ந்து கூறும் காட்சிகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவமானத்தின் கூர்மை எங்கிருந்து வந்தது? தமிழனென இகழப்பட்டதனாலா, பறையனெனத் தாழ்த்தப்பட்டதனாலா? இவ்வினாவை எழுப்பாத படைப்பு, இன ஒடுக்குமுறையைக் கண்டிக்கும் அதே வாக்கியத்திற் சாதி ஒடுக்குமுறையை ஏற்றுக்கொள்கின்றது என்பது எமது துணிபு. தேசிய ஒடுக்குமுறை பொய்யென்பது இதன் பொருளன்று. அதன் கொடுமையை 1983 யூலையின் பின்னர் யாரும் நிறுவ வேண்டியதில்லை. ஒடுக்கப்படுபவன் தன்மீது எறியப்பட்ட கல்லை அடையாளங் கண்டுகொண்ட வேகமே இங்கு எமது ஆய்வுக்குரியது.

மலையகத் தமிழரைக் குறித்த சொற்களில் இதே நாடகம் வேறு உடையில் நிகழ்ந்தது. தோட்டக்காடு என்பது வசைச்சொல்லன்று. தொழில் நிலத்தைக் குறித்த சாதாரணப் பெயர். கூலி என்பதும் அவ்வாறே உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியத்தைக் குறித்த பழந்தமிழ்ச் சொல். பிரித்தானியப் பெருந்தோட்ட முறைமை அவ்வூதியத்தின் பெயரையே மனிதனுக்குப் பெயராக்கியது. பேரேட்டில் ஆள் இல்லை, கூலி மட்டுமே உண்டு. 1860இல் சென்னையிலிருந்து நேட்டாலுக்குக் கப்பலேற்றப்பட்டோரது வழித்தோன்றல்கள் தென்னாபிரிக்காவில் இச்சொல்லை இன ஏச்சாகவே கேட்டு வளர்ந்தனர். ஊதியம் மனிதனாகி, மனிதன் இனமாகிய இம்மாற்றத்தைக் காட்டிலும் முதலாளித்துவத்தின் தலைகீழ் நோக்கை விளக்கும் சொல்வரலாறு அரிது.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின் பின்னர் 'கள்ளத்தோணி' என்ற சொல் பெருவழக்குப் பெற்றது. அனுமதியின்றிக் கடல் கடந்து வருவோரைக் குறித்த அச்சொல், லயத்திற் பிறந்து லயத்திலேயே வளர்ந்து கடலையே காணாதோர் மீதும் சுமத்தப்பட்டது. இத்தமிழ்ச் சொல்லைச் சிங்களப் பேச்சுவழக்கும் அப்படியே எடுத்துக்கொண்டது. சட்டம் ஒரு மக்கட் கூட்டத்தினரை நாடற்றவராக்கியது. கொச்சை வழக்கு அச்சட்டத்தை ஒவ்வொரு கடைவாசலுக்கும் கொண்டு சென்றது. வடக்கிலும் கொழும்பிலும் வாழ்ந்த தமிழர் இச்சொல்லைக் கையாளத் தயங்கவில்லை. 1983இன் பின்னர் அவர்களுட் பல்லாயிரவர் இரவோடிரவாக மன்னார்க் கடலிலும் பாக்கு நீரிணையிலும் தோணியேறி இராமேசுவரம் சென்று இறங்கினர்.

'யாழ்ப்பாணத்தாரையும் பனங்கொட்டை என்று கேலி செய்கிறார்களே, அதுவும் ஏச்சுத்தானே' எனச் சிலர் வாதிப்பதுண்டு. ஏச்சுத்தான். ஆனால் பனங்கொட்டை என அழைக்கப்படும் யாழ்ப்பாணத்தவர் தாமும் சேர்ந்து சிரிக்க முடிகின்றது. பனங்கிழங்கின் சுவையைப் புகழ்ந்து மறுமொழி கூறவும் முடிகின்றது. அச்சொல்லின் பின்னால் அவரை வேலைக்கு எடுக்க மறுக்கும் அலுவலகமோ, வாக்குரிமையைப் பறித்த சட்டமோ நிற்கவில்லை. கேலியும் இழிசொல்லும் ஒலியில் ஒன்றாயிருக்கலாம். சிரிப்பதற்கு யாரால் முடிகின்றது என்பதைப் பார்த்தால் இரண்டும் பிரிந்துவிடும்.

இதனை மனங்கொண்டே எமது வானொலி நகைச்சுவை மரபையும் மதிப்பிடுதல் வேண்டும். எஸ். ராம்தாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஒலித்த 'கோமாளிகளின் கும்மாளம்', பின்னர் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாயிற்று. யாழ்ப்பாணத் தமிழ், முஸ்லிம்களின் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் யாவும் அதில் சிரிப்புக்குரியனவாயின. இலக்கிய விமரிசகர் இதனை மலினமான பொழுதுபோக்கென ஒதுக்கியது அவசர முடிவென்றே கருதுகின்றோம். அங்கு ஒருவர் மாறி ஒருவர் சிரிப்புக்கு உள்ளாயினர். எந்தப் பேச்சும் 'சரியான' தமிழாக நின்று ஏனையவற்றைப் பார்த்து நகைக்கவில்லை. ஆனால் சாதி வழக்குகள் அவ்வரங்குக்கு வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. சமமற்றோரிடையே மாறி மாறிச் சிரிக்கும் விளையாட்டை விளையாட இயலாது.

உறவுப் பெயர் கூட இதற்கு விலக்கன்று. தமிழிலே அன்புக்குரிய 'தம்பி', சிங்களத்திற் 'தம்பியா' எனத் திரிந்து முஸ்லிம்களை இழித்துரைக்கும் சொல்லாயிற்று. 'நானா' என்பது முஸ்லிம்களிடையே மூத்த சகோதரனை அழைக்கும் முறை. சந்தையில் ஒரு தமிழர் வியாபாரியை 'நானா' என அழைக்கும்போது அது மரியாதை. 'நானாமாரின்ரை குணம்' எனத் தமக்குட் பேசும்போது அது வேறு. 'சோனகர்' என்பது அம்மக்கள் தாமே ஏற்றுக்கொண்டு குடிசன மதிப்பீட்டிலும் பதிந்துள்ள பெயர். அதனைக் குறுக்கிச் சொல்வது வசை. 'தொப்பி பிரட்டி' என்ற சொல்லோ அரசியற் குற்றச்சாட்டைத் தலையணியோடு கட்டிவிட்டது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எழுந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள முயல்வோர், அதற்கு முந்திய பல பத்தாண்டுகளின் இப்பகிடிகளையும் கணக்கில் எடுத்தல் நன்று.

இனி, இலக்கியத்துக்கு வருவோம். மக்கள் மொழியை இலக்கியத்திற் கொண்டுவருதல் முற்போக்கு இயக்கத்தின் சாதனை. ஆனால் 'மண்வாசனை' என்ற பெயரால் அம்மொழி முழுவதையும் தூய்மையானதாகக் கொள்ளும் போக்கு எம்மவரிடையே வளர்ந்தது. மக்கள் மொழி மக்களது மொழி மட்டுமன்று. அவர்களை ஆண்டோரது மொழியும் அதற்குள் படிந்துள்ளது. நளவரின் பேச்சிற் பள்ளர் இழிக்கப்படுவதும், இருவரது பேச்சிலும் பறையர் இழிக்கப்படுவதும் மண்ணின் வாசனை எனின் அது வாசனையே. அதனைப் பதிவு செய்தல் யதார்த்தம். ஆனால் பாத்திரத்தின் வாயில் வரும் சொல் கதைசொல்லியின் வாயிலும் அடையாக வருமாயின், அங்கு யதார்த்தம் இயற்பண்புவாதமாகச் சரிந்துவிடுகின்றது. பல சிறுகதைகளில் மேற்கோட் குறி முடிந்த பின்னரும் ஏச்சு முடிவதில்லை.

கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) இவ்வகையில் முக்கியத்துவம் பெறுகின்றது. நாவலின் கலைக் குறைபாடுகள் பற்றி நிறையப் பேசப்பட்டுள்ளது. அவற்றுட் சில உண்மையே. ஆனால் தலைப்பை நோக்குக. வருண தருமத்திற் பஞ்சமன் என்பது நான்கிலும் சேராத ஐந்தாமவன், வெளியே நிற்பவன். யாழ்ப்பாணத்து வழக்கில் அது வண்ணார், அம்பட்டர், பள்ளர், நளவர், பறையர் என்னும் ஐந்து சாதியினரையும் சேர்த்துக் குறிப்பது. ஐந்தாவது என்ற வரிசை எண், ஐந்து பேர் என்ற தொகையெண்ணாகிவிட்டது. தம்முள் ஒருவரையொருவர் இழித்துவந்தோருக்கு அப்பெயர் ஒரு கூட்டுப் பெயராயிற்று. டானியல் செய்தது அவ்வழக்கைப் போராட்டத்தின் பெயராக்கியமை. சென்னையில் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' எனத் தம் பத்திரிகைக்குப் பெயரிட்டதும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. 1922இல் சென்னைச் சட்டசபையில் எம். சி. ராஜா, அப்பெயரை நீக்கி 'ஆதி திராவிடர்' என வழங்க வேண்டுமெனத் தீர்மானங் கொண்டுவந்தார். ஒருவர் பெயரைக் கைப்பற்றினார், மற்றவர் பெயரைக் கைவிட்டார். எது சரியென நூலறையிலிருந்து தீர்ப்பளிக்க நாம் முயலோம். இரண்டும் அப்பெயரால் அழைக்கப்பட்டோர் தாமே எடுத்த முடிவுகள். காந்தி வழங்கிய 'அரிசன்' அவ்வாறன்று. அதனாலேயே அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. எமது நாட்டில் 'இந்தியத் தமிழர்' என்பதற்குப் பதிலாக 'மலையகத் தமிழர்' என்ற பெயர் நிலைபெற்றமைக்கும் அம்மக்களது எழுத்தும் அரசியலுமே காரணம்.

இறுதியாக நடைமுறை சார்ந்த ஒரு விடயம். டானியலின் நாவல்களும் அக்காலத்துச் சிறுகதைகளும் இன்று பல்கலைக்கழகங்களிற் பாடநூல்கள். வகுப்பில் ஒரு பகுதியை உரத்து வாசிக்கும்படி மாணவரொருவரைக் கேட்கின்றோம். அவ்வகுப்பில் அப்பெயரால் வீட்டில் ஏசுபவரும் இருக்கின்றார். அப்பெயரால் ஏசப்பட்டவரும் இருக்கின்றார். சொல்லை விட்டுவிட்டு வாசிப்பது நாவலைச் சிதைப்பதாகும். விளக்கமின்றி வாசித்துச் செல்வது அவ்வேச்சை இன்னொருமுறை நிகழ்த்துவதாகும். பதிப்பாசிரியர் பின்னிணைப்பாகத் தரும் அருஞ்சொற்பொருளும் இங்கு உதவுவதில்லை. சாதிப் பெயருக்கு எதிரே 'ஒரு சாதி' என எழுதுவதால் யாருக்கும் எதுவும் விளங்கப்போவதில்லை. தமிழகத்து வாசகருக்காக 'எளியன்' என்பதற்கு 'ஏழை' எனப் பொருள் எழுதினால் அகராதிப்படி அது வழுவன்று. ஆனால் அச்சொல்லைக் கேட்டமாத்திரத்தே கதையிலுள்ள தொழிலாளி ஏன் கள்ளு முட்டியை நிலத்தில் வைத்துவிட்டு எழுந்து நிற்கின்றான் என்பது அவ்வாசகருக்குத் தெரியவராது. அப்பொருள் எழுதப்படும்போது அந்தச் சொல்லை யார் யாரிடம் எங்கு நின்று கூறினர், கேட்டவனுக்குச் சொந்தமாக நிலமிருந்ததா, அவன் எந்த வாசலால் உள்ளே வரலாம் என்பனவும் சேர்த்து எழுதப்படல் வேண்டும்.